தைராய்டு மிகை: அறிந்துகொள்வோம், அஞ்சாதிருப்போம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், உறுப்பினரும் அரசுப் பள்ளி ஆசிரியருமான சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்தபின் மருத்துவம் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் கடந்த ஓராண்டாக ஒரு நோயின் மாணவனாக இருந்து வருகிறேன். அந்த நோயின் பெயர் தைராய்டு மிகைச் சுரப்பு. என் அறியாமையால் நான் செய்த ஒரு தவறு என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அந்தத் தவறை இந்த ஊரில் இன்னொருவர் செய்யக்கூடாது என்பதற்காகவே, வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் முன் நிற்கிறேன்.

தொடக்கத்தில் நடந்தவை

முதலில் காட்டிக் கொடுத்தது சுண்ணக்கட்டி. கரும்பலகையில் நான் எழுதிய எழுத்துகள் அலைஅலையாய் நெளிந்தன. முன்வரிசை மாணவன் ஒருவன், "ஐயா, கை நடுங்குதுங்க" என்றான். வயது 47 ஆகிவிட்டது, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு பசி. இரண்டு இட்லியோடு எழுபவன் ஏழெட்டு உண்டேன். ஆயினும் நான்கு மாதங்களில் 71 கிலோ எடை 59 ஆயிற்று. முதல் மாதம், "உடம்பைக் குறைத்துவிட்டீர்களே, என்ன இரகசியம்?" என்று கேட்டவர்கள், மூன்றாம் மாதம் என் காதுபட, "சர்க்கரையாக இருக்குமோ, அதைவிடப் பெரிய நோயாக இருக்குமோ?" என்று பேசத் தொடங்கினார்கள். சர்க்கரையைப் பரிசோதித்தோம், சரியாகவே இருந்தது. மார்கழிக் குளிரில் ஊரே போர்வைக்குள் சுருண்டிருக்க, நான் மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டிருந்தேன். தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழும்போது தொடைகள் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடித்து எழ வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விடக் கொடியது கோபம். என் மகன் என் முன்னால் வருவதையே நிறுத்திக்கொண்டான். வகுப்பில், வீட்டுப்பாடம் எழுதாத ஒரு சிறுவனை, அவன் தந்தையின் வறுமையைச் சொல்லித் திட்டினேன். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் என் நாவிலிருந்து வராத சொற்கள் அவை. வீட்டில் கண்ணேறு என்றார்கள். ஓதி ஊதிய தண்ணீரும் குடித்தேன். நான் முதலில் சென்று காட்டிய மருத்துவர் ஒருவர், "நரம்புத் தளர்ச்சி, மனக்கவலை" என்று சொல்லி உறக்க மாத்திரை கொடுத்தார். அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இறுதியில் ஒரு நண்பரின் வற்புறுத்தலால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். தாளைக் கொடுத்த ஊழியர், "உங்களுக்குத் தைராய்டு இருக்கிறது" என்றார். இந்த மூன்று சொற்களைக் கேட்டுக்கொண்டு, மருத்துவரிடம் போகாமல் வீட்டுக்கு வந்தேனே, அதுதான் என் தவறின் தொடக்கம்.

என் தமக்கையாருக்குப் பல ஆண்டுகளாகத் தைராய்டு. நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை உண்பார். "எனக்கும் இதேதான் தம்பி, இதைச் சாப்பிடு, சரியாகிவிடும்" என்று அன்போடு ஒரு புட்டியை என் கையில் கொடுத்தார். ஒன்பது நாட்கள் உண்டேன். ஒன்பதாம் நாள் இரவு, நெஞ்சுக்குள் குதிரை ஓடுவது போலிருந்தது. மூச்சு வாங்கியது. பென்னாகரம் கடந்து தருமபுரி போய்ச் சேரும்வரை என் மனைவி வண்டியில் ஓதிக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 148. அதுவும் ஒழுங்கற்ற துடிப்பு. நான் உண்ட மாத்திரையின் பெயரைக் கேட்ட மருத்துவர் அதிர்ந்து போனார். "எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்" என்றார்.

ஒரே சொல், எதிரெதிரான இரு நோய்கள்

அன்பர்களே, இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள். "தைராய்டு இருக்கிறது" என்பது ஒரு நோயின் பெயரன்று. தைராய்டு நம் எல்லோருக்கும் இருக்கிறது. அது கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி விரித்த சிறகு போல அமர்ந்திருக்கும் ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள ஒரு சுரப்பி. அது குறைவாகச் சுரந்தால் ஒரு நோய். மிகையாகச் சுரந்தால் அதற்கு நேர் எதிரான நோய். முன்னதில் உடல் மந்தமாகும், எடை கூடும், குளிர் தாங்காது. பின்னதில் உடல் விரைந்தோடும், எடை குறையும், வெப்பம் தாங்காது. முன்னதற்குச் சுரப்பு நீரையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். பின்னதற்குச் சுரப்பை அடக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். என் தமக்கையாருக்கு இருந்தது முன்னது. எனக்கு வந்தது பின்னது.

இந்தக் குழப்பம் ஏன் ஏற்படுகிறது? குறைச் சுரப்பே நம் நாட்டில் மிகுதி. சென்னை உட்பட 8 பெருநகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குக் குறைச் சுரப்பு இருப்பதாகக் கண்டது. மிகைச் சுரப்போ அரிது. கொச்சியில் நடந்த ஓர் ஆய்வில், நோய்க்குறி தெளிவாகத் தெரியும் மிகைச் சுரப்பு நூற்றுக்கு 1.3 பேருக்கே இருந்தது. ஆகவே ஊரில் பத்துப் பேர் "தைராய்டு மாத்திரை" உண்டால், அவர்களில் பெரும்பாலோர் குறைச் சுரப்புக்காரர்களாகவே இருப்பர். அவர்களுடைய அறிவுரையும் மாத்திரையும் மிகைச் சுரப்புக்காரருக்கு நஞ்சாகும். பரிசோதனைத் தாளை வாங்கியதும் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: "குறைவா, மிகையா?"

காவிரியைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்

என் மருத்துவர் விளக்கியதை நம் ஊர் மொழியில் சொல்கிறேன். கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து திறந்துவிடப்படும் நீர், பிலிகுண்டுலு வழியாக நம் ஒகேனக்கல்லுக்கு வருகிறது. அணையின் மதகைத் திறக்கவும் மூடவும் ஓர் அதிகாரியின் உத்தரவு வேண்டும். எத்தனை கன அடி நீர் வருகிறது என்பதைப் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். அந்த அளவைப் பார்த்துத்தான் நம் பரிசல்காரர்களுக்குத் தடை வருகிறது.

நம் உடலில் மதகு என்பது தைராய்டு. உத்தரவிடும் அதிகாரி, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி. அது அனுப்பும் உத்தரவின் பெயர் டி.எஸ்.எச். மதகிலிருந்து பாயும் நீரின் பெயர் டி4, டி3. குருதியில் நீர் குறைந்தால் அதிகாரி கூடுதல் உத்தரவு அனுப்புவார். மிகுந்தால் உத்தரவை நிறுத்துவார். இதுவே இறைவன் அமைத்த சமநிலை.

மிகைச் சுரப்பில் என்ன நடக்கிறது? பெரும்பாலானோருக்கு வரும் வகை கிரேவ்ஸ் நோய். இதில் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, டி.எஸ்.எச். போல நடிக்கும் ஒரு போலி உத்தரவை அனுப்புகிறது. மதகு அதை உண்மை என்று நம்பித் திறந்தே கிடக்கிறது. வெள்ளத்தைக் கண்ட அதிகாரி தம் உத்தரவை அறவே நிறுத்திவிடுகிறார். ஆயினும் வெள்ளம் நிற்பதில்லை. ஆகவேதான் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். மிகக் குறைந்தும், டி4, டி3 மிகுந்தும் காணப்படும். "டி.எஸ்.எச். குறைவாக இருக்கிறது, எனவே தைராய்டு குறைவு" என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். இது தலைகீழான பொருள்.

எல்லா மிகைச் சுரப்பும் கிரேவ்ஸ் நோயாகாது. சுரப்பியில் தோன்றும் முடிச்சுகள் தாமாகவே மிகையாகச் சுரப்பதுண்டு. சுரப்பியில் அழற்சி ஏற்பட்டு, சேமிப்பில் இருந்த நீர் கசிவதும் உண்டு. பிரசவத்திற்குப் பின் சில பெண்களுக்கு இவ்வாறு வந்து சில மாதங்களில் தானே அடங்கும். இதற்குச் சுரப்பை அடக்கும் மாத்திரை பயன்படாது. ஆதலால் காரணம் எது என்று கண்டறிய எதிர்ப்பொருள் பரிசோதனையோ, ஸ்கேனோ தேவைப்படலாம். முடியுதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை உண்பவர்கள், பரிசோதனைக்கு 2 நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். அது இல்லாத மிகைச் சுரப்பை இருப்பதாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

நம் தண்ணீரா காரணம்?

என் நோய் தெரிந்ததும் பலரும் சொன்னது, "எல்லாம் இந்த மாவட்டத்துத் தண்ணீர்" என்பதே. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதும், அது பல்லையும் எலும்பையும் பாதித்ததும் உண்மை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் கிரேவ்ஸ் நோய் தண்ணீரால் வருவதன்று. பரம்பரைத் தன்மை, பெண்ணாயிருத்தல், புகைபிடித்தல், பிரசவத்திற்குப் பிந்தைய காலம் ஆகியவை அதற்கு வழி திறப்பவை. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பலமடங்கு மிகுதியாக வருகிறது.

தண்ணீர்மேல் ஐயம் கொண்டவர்கள் நாம் மட்டுமல்லர். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ், அதாவது மூத்த புஷ், 1991 மே மாதம் ஓட்டப் பயிற்சியின்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காரணம் கிரேவ்ஸ் நோய். அவர் மனைவி பார்பராவுக்கும் அதற்குச் சற்று முன்னர் அதே நோய் கண்டறியப்பட்டிருந்தது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நோயா என்று வியந்து, அவர்கள் வாழ்ந்த இல்லங்களின் குடிநீரைச் சோதித்தார்கள். நீரில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. புஷ் கதிரியக்க அயோடின் மருந்து அருந்திப் பணிக்குத் திரும்பினார்.

இது புதிய நோயும் அன்று. டப்ளின் நகர மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ் 1835இலும், ஜெர்மானிய மருத்துவர் பேஸ்டோ 1840இலும் இதை விவரித்து எழுதினார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவ அறிஞர் ஸையித் இஸ்மாயில் ஜுர்ஜானி, கழுத்து வீக்கமும் கண் பிதுக்கமும் சேர்ந்து வருவதைக் குறித்து வைத்ததாக மருத்துவ வரலாறு கூறுகிறது.

மூன்று வழிகள்

முதல் வழி மாத்திரை. நம் நாட்டில் பெரும்பாலும் கார்பிமசோல் தருகிறார்கள். இது மதகை மெல்ல மூடுவது. நீர்வரத்து குறைந்தது என்று கேட்டவுடனே நம் ஊரில் பரிசல் விடுவதில்லை. ஆற்றில் நிற்கும் நீர் வடிய வேண்டும். அதுபோலவே சுரப்பியிலும் குருதியிலும் ஏற்கெனவே இருக்கும் நீர் தீர 4 முதல் 8 வாரங்கள் ஆகலாம். "பத்து நாள் உண்டேன், பயனில்லை" என்று மருத்துவரை மாற்றாதீர்கள். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் தணிக்க ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தவறாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மாத்திரை அவர்களுக்கு ஆகாது. கிரேவ்ஸ் நோய்க்குப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் சிகிச்சை. அதன்பின் நிறுத்தினால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் மீண்டும் வருகிறது. இதை முன்பே அறிந்திருந்தால் மனம் உடையாது.

இரண்டாவது, கதிரியக்க அயோடின். சுரப்பி அயோடினை ஈர்க்கும் தன்மையுடையது. அந்தத் தன்மையைக் கொண்டே மருந்தைச் சுரப்பிக்குள் செலுத்தி, மிகையான பகுதியை அழிக்கிறார்கள். 1941இல் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் நோயாளிக்குக் கொடுத்தார். நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைகளில் இச்சிகிச்சை உண்டு. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. மருந்து உண்டவர் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். இதற்குப் பின் பலருக்குக் குறைச் சுரப்பு ஏற்பட்டு, என் தமக்கையார் உண்ணும் அதே மாத்திரையை ஆயுள் முழுதும் உண்ண நேரும். அது தோல்வியன்று, கட்டுக்கடங்காத வெள்ளத்தைவிட, அளந்து விடும் வாய்க்கால் மேலானது.

மூன்றாவது, அறுவை சிகிச்சை. பெரிய வீக்கம், மூச்சுத் தடை, ஐயத்திற்குரிய முடிச்சு ஆகியவற்றுக்கு ஏற்றது. குரல் நரம்பும் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளும் அருகில் இருப்பதால், பழகிய கைகளிடமே செல்ல வேண்டும். எவ்வழி யாருக்கு என்பதை நோயின் வகையும், வயதும், கண்ணின் நிலையும், குடும்பச் சூழ்நிலையும் முடிவு செய்யும்.

மறக்கக் கூடாத எச்சரிக்கைகள்

இப்பகுதியை வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: கார்பிமசோல் உண்பவருக்குக் காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால், "பனியில் நின்றேன்" என்று இருந்துவிடக் கூடாது. ஆயிரத்தில் ஏறக்குறைய 2 முதல் 5 பேருக்கு இம்மருந்து வெள்ளணுக்களை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. பெரும்பாலும் முதல் 3 மாதங்களில் இது நேர்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கண் மஞ்சளித்தாலும் உடனே செல்ல வேண்டும்.

இரண்டு: மேற்சொன்ன காரணங்கள் இன்றி, உடல் தேறிவிட்டது என்று தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அடங்கிய வெள்ளம் அணை உடைந்ததுபோல் பெருகலாம். கடுங்காய்ச்சல், மிகு துடிப்பு, வாந்தி, பிதற்றல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போது நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூன்று: விருந்தில் வயிறார பிரியாணியும் இனிப்பும் உண்டு உறங்கிய ஓர் ஆண்மகன், விடியலில் கால்களை அசைக்க முடியாமல் கிடந்தால், பக்கவாதம் என்றோ செய்வினை என்றோ முடிவு கட்டாதீர்கள். மிகைச் சுரப்புள்ள ஆசிய ஆண்களில் சிலருக்குப் பொட்டாசியம் திடீரெனக் குறைந்து இவ்வாறு நேர்கிறது. மருத்துவமனையில் சரி செய்யக்கூடியது. தாமதித்தால் இதயத்தைப் பாதிப்பது.

நான்கு: கிரேவ்ஸ் நோய் கண்களைத் தாக்கக்கூடும். கண் பிதுங்குதல், மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல், இரட்டைப் பார்வை ஆகியவற்றைக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகை இதை வெகுவாக மோசமாக்குகிறது. பீடி பிடிக்கும் சகோதரர்கள் இந்நோய் கண்ட அன்றே அதை விட்டொழிக்க வேண்டும்.

ஐந்து: கடற்பாசி மாத்திரை, அயோடின் கலந்த சத்து மருந்து முதலியவற்றைத் தாமாக உண்ணக் கூடாது. அயோடின் உப்பை மருத்துவர் சொன்னாலன்றி நிறுத்த வேண்டியதில்லை. "ஒகேனக்கல்லில் இருந்துகொண்டு மீனை விடுவதா?" என்று கவலைப்பட்டவன் நான். வழக்கமான அளவில் நம் ஆற்று மீனை உண்பதற்குத் தடையில்லை என்று மருத்துவர் சொன்னபோதுதான் நிம்மதி வந்தது.

தாய்மார்களுக்கும் பெற்றோர்களுக்கும்

மணமாகாத பெண்ணுக்கு இந்நோய் வந்தால், வரன் தட்டிப்போகும் என்று மறைத்து, மாத்திரையை ஒளித்து வைத்து உண்ணச் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். மணமானபின் மாமியார் வீட்டில் மாத்திரை நின்றுபோகிறது. கருவுறும்போது அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகிறது. வெளிப்படையாகச் சொல்லுங்கள். இது தொற்றும் நோயன்று. முறையாகச் சிகிச்சை பெற்றவர்கள் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள். கருத்தரிக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும். முதல் 3 மாதங்களுக்கு வேறு மருந்தை மாற்றித் தருவதுண்டு.

நம் பெண்மக்களுக்கு ஒரு முன்மாதிரியைக் கூறுகிறேன். அமெரிக்க ஓட்ட வீராங்கனை கெய்ல் டெவர்ஸுக்கு 1990இல் கிரேவ்ஸ் நோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக் காலத்தில் கால்கள் வீங்கிப் புண்ணாகி, பாதத்தையே எடுக்க நேருமோ என்ற நிலை ஏற்பட்டது. அவர் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1996இல் அட்லாண்டாவில் அதே ஓட்டத்தில் மீண்டும் தங்கம் வென்றார்.

நோன்பும் மருந்தும்

நோய் கண்ட ஆண்டு, ரமலானில் நோன்பு வைக்க முடியாத நிலை எனக்கு. துடிப்பு அடங்காத காலத்தில் நாளெல்லாம் நீரின்றி இருப்பது ஆபத்து என்று மருத்துவர் தடுத்தார். ஊரே நோன்பிருக்க நான் மாத்திரைக்காகத் தண்ணீர் குடித்தபோது தொண்டை அடைத்தது. இமாம் ஹஜ்ரத் அவர்கள்தாம் தேற்றினார்கள். நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதே என்றார்கள். நோய் கட்டுக்குள் வந்தபின், நாளுக்கு ஒரு வேளை மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாரிலோ மாற்றி அமைக்க மருத்துவரால் இயலும். ஆகவே ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடமும், பின்னர் ஆலிமிடமும் கேளுங்கள். தாமாக முடிவெடுத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மனத்தை எப்படித் தேற்றினேன்?

உடலைப் பற்றிச் சொன்னேன். மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயின் பெயர் தெரிந்த நாளில் எனக்கு அச்சமும் நிம்மதியும் ஒருங்கே வந்தன. என் கோபத்திற்கும் உறக்கமின்மைக்கும் ஒரு காரணம் இருந்தது என்பது நிம்மதி. ஆனால் ஒரு கேள்வி வாட்டியது. நான் சொன்ன சுடுசொற்கள் நோயின் சொற்களா, என் சொற்களா? மருத்துவர், "நோய்தான்" என்றார். ஆயினும் காயம் பட்டவனுக்கு அதில் என்ன ஆறுதல்? துடிப்பு அடங்கிப் பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே, அந்தச் சிறுவனிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லைங்க ஐயா" என்றான். நான் உண்ட மாத்திரைகளைவிட அச்சொல் எனக்கு மிகுந்த உறக்கத்தைத் தந்தது. என் மகனிடமும் பேசினேன். நோயைப் பற்றி அவனே படித்துவிட்டு வந்து, "அத்தா, இன்றைக்கு நாடி எவ்வளவு?" என்று காலைதோறும் கேட்கிறான்.

ஆம், ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் ஒரு நிமிட நாடித் துடிப்பு, வெள்ளிதோறும் எடை, மாத்திரையின் அளவு, பரிசோதனை முடிவுகள். முதல் ஆறு வாரங்கள் கடும் உழைப்பையும், தேநீர் காப்பியையும், வீண் வாதங்களையும் குறைத்துக்கொண்டேன். டி4 சரியானபின்பும் டி.எஸ்.எச். பல மாதங்கள் குறைவாகவே நிற்கக்கூடும் என்று தெரிந்திருந்ததால் அஞ்சவில்லை. எடை திரும்பியதும் பழைய பெரும்பசி நிற்பதற்குள் அளவை மிஞ்சாதபடி காத்துக்கொண்டேன்.

வீட்டாருக்கு ஒரு சொல். நோயாளி எரிந்து விழும்போது உடன் எரியாதீர்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்றாதீர்கள். மருத்துவரிடம் துணைக்குச் செல்லுங்கள். படபடப்பில் இருப்பவர் காதில் பாதிச் சொற்கள் விழுவதில்லை.

ஜமாஅத்திற்கு ஒரு வேண்டுகோள்

நம் ஊரில் பரிசல் ஓட்டுவோரும், மீன் வறுத்து விற்போரும், எண்ணெய் தேய்த்துவிடுவோரும் அன்றாடக் கூலியை நம்பியவர்கள். தருமபுரிக்கு ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் பிழைப்புப் போகிறது. 2008இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருந்தும், வழித்துணை இன்றியும் விவரம் தெரியாமலும் நம் பெண்கள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். ஆகவே, ஜமாஅத்தின் மருத்துவ உதவி நிதியிலிருந்து, தொடர்பரிசோதனைக்குச் செல்லும் ஏழை நோயாளிகளுக்குப் பேருந்துக் கட்டணமாவது வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விவரம் அறிந்த இளைஞர் இருவர், சகோதரியர் இருவர் வழித்துணைக்கு முன்வந்தால் பேருதவியாகும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்; விடுமுறை நாட்களில் நான் வருகிறேன்.

நான் முழுமையாகக் குணமடைந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. நிறுத்தியபின் நோய் மீளலாம். மீண்டால் அடுத்த வழி இருக்கிறது. இப்போது சுண்ணக்கட்டி நேராக ஓடுகிறது. ஸஜ்தாவிலிருந்து யார் தோளையும் பிடிக்காமல் எழுகிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று வீட்டுக்குப் போனதும், "எனக்குத் தைராய்டு" என்று சொல்லும் உறவினர் ஒருவரிடம், "குறைவா, மிகையா?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பக்கத்து வீட்டு மாத்திரையைப் பக்கத்து வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நோயுற்றோர் அனைவருக்கும் நலம் கிடைக்க துஆச் செய்து அமர்கிறேன்.

வஸ்ஸலாம்.